சுதந்திரம் யாருக்கு? பேச்சு, அரசு, தனிமனிதப் பொறுப்பு குறித்த தாராளவாதச் சிந்தனையை நாம் எவ்வாறு வாசிப்பது

கல்லூரி வளாகங்களிலும் சமூக ஊடகங்களிலும் மூன்று வாதங்களை நாம் ஓயாமல் எதிர்கொள்கிறோம். சாதிப் பெயரைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குவது பேச்சுரிமைக்கு எதிரானது என்பது முதல் வாதம். கல்வி, வேலை, நிலம் ஆகியவற்றில் அரசு தலையிடாமல் ஒதுங்கி நின்றால் திறமை உள்ளவர் தாமாகவே முன்னேறுவர் என்பது இரண்டாம் வாதம். ஒருவருடைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவரே பொறுப்பு. முன்னோர் செய்த தவறுகளுக்கு இன்றைய தலைமுறை ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பது மூன்றாம் வாதம்.

இவை புதிய வாதங்கள் அல்ல. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை பிரிட்டனில் உருவான செவ்வியல் தாராளவாதம் என்னும் சிந்தனை மரபிலிருந்து இவை எடுக்கப்பட்டவை. ஜான் லாக், ஆடம் ஸ்மித், ஜான் ஸ்டூவர்ட் மில் ஆகியோர் இம்மரபின் முதன்மையான ஆசிரியர்கள். இவர்களுடைய பெயர்களைச் சொல்லி நம்மிடம் வாதிடுவோர் பலர், இவர்கள் எழுதியதை முழுமையாக வாசித்தவர்கள் அல்லர். எனவே இம்மரபு உண்மையில் என்ன சொல்கிறது, எங்கே அது தன்னையே மறுத்துக்கொள்கிறது, அண்ணல் அம்பேத்கர் அதிலிருந்து எதை ஏற்றார், எதைத் திருத்தினார் என்பவற்றை நாம் அறிந்திருப்பது அவசியம். இம்மரபை முழுவதுமாகத் தூக்கி எறிவது, நமக்குப் பயன்படும் ஆயுதங்களையும் சேர்த்து எறிவதாகும். அதை அப்படியே ஏற்பதோ, நம்மீது சுமத்தப்பட்ட நிலையை நாமே தேர்ந்தெடுத்தோம் என்று ஒப்புக்கொள்வதாகும்.

மரபும் அதன் முரணும்

1689ஆம் ஆண்டு வெளியான தம் அரசாங்கம் பற்றிய நூலில் லாக் முன்வைத்த கருத்தைச் சுருக்கமாகக் கூறலாம். மனிதர் ஒவ்வொருவரும் தம் உடலுக்கும் உழைப்புக்கும் தாமே உரிமையாளர். ஆட்சி என்பது ஆளப்படுவோரின் ஒப்புதலால் பிறப்பது. உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காப்பதே அதன் பணி. அப்பணியில் தவறும் ஆட்சியை எதிர்க்க மக்களுக்கு உரிமை உண்டு. மன்னரின் அதிகாரம் கடவுள் தந்தது என்று நம்பப்பட்ட காலத்தில் இது பெரும் துணிவு.

ஆனால் இதே லாக், ஆப்பிரிக்கர்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்குகளை வைத்திருந்தார். அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்துக்காக 1669ஆம் ஆண்டு எழுதப்பட்ட அடிப்படைச் சட்டத்தை உருவாக்குவதிலும் அவருக்குப் பங்கு இருந்தது. கறுப்பின அடிமைகள்மீது அவர்களுடைய எஜமானருக்கு முழு அதிகாரம் உண்டு என்று அச்சட்டம் கூறியது. தம் உடலுக்குத் தாமே உரிமையாளர் என்ற விதி எல்லா மனிதருக்கும் பொருந்தவில்லை.

1859ஆம் ஆண்டு சுதந்திரம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட மில், 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். தம் நூலின் தொடக்கத்திலேயே, தாம் கூறும் சுதந்திரக் கோட்பாடு பின்தங்கிய சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அவர் விலக்கு அளித்துவிடுகிறார். நாம் வாழும் நிலப்பகுதி அந்த விலக்கில் அடங்கியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1833ஆம் ஆண்டு பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அத்தொகை அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. அடிமைகளாக உழைத்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. மாறாக, அவர்களில் பெரும்பாலோர் ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளிகளிடம் ஊதியமின்றி உழைக்க வேண்டியிருந்தது. உடைமையின் புனிதத்தைப் பேசிய மரபு, மனிதரை உடைமையாக வைத்திருந்தவரின் இழப்பைத்தான் முதலில் கணக்கிட்டது.

இந்த முரணை வைத்துக்கொண்டு இம்மரபைப் பொய் என்று ஒதுக்கிவிடலாமா? அவ்வாறு செய்ய இயலாது. கறுப்பின மக்கள் அடிமைத்தனத்துக்கென்றே பிறந்தவர்கள் என்ற பொருளில் தாமஸ் கார்லைல் எழுதியபோது, அதை மறுத்து 1850ஆம் ஆண்டு எழுதியவரும் மில்தான். 1865ஆம் ஆண்டு ஜமைக்காவின் மொரான்ட் பே எழுச்சியில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களைக் கொன்ற ஆளுநர் எயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போராடிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கோட்பாடு தன்னை எழுதியவரின் எல்லையைத் தாண்டிச் செல்லக்கூடியது. அதைத் தாண்டச் செய்தவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

பேச்சுரிமை: யாருடைய வாய் அடைக்கப்பட்டது?

பேச்சுரிமைக்கு மில் தரும் காரணங்கள் எளியவை. அடக்கப்படும் கருத்து உண்மையாக இருக்கலாம். அதை அடக்குபவர் தாம் ஒருபோதும் தவறாதவர் என்று எண்ணிக்கொள்கிறார். அடக்கப்படும் கருத்து பிழையானது என்றாலும் அதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கக்கூடும். ஏற்கப்பட்ட கருத்து முழு உண்மையே என்றாலும், எதிர்ப்பைச் சந்திக்காத உண்மை உயிரற்ற சடங்காகிவிடும். சாத்திரங்களைக் கேள்வி கேட்ட ஒவ்வொருவருக்கும் இந்த மூன்று காரணங்களும் துணை நிற்கும்.

மில்லின் வாதத்தை நடைமுறையில் சோதித்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். அடிமையாகப் பிறந்து, தப்பிச் சென்று, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளராக வளர்ந்த பிரெடெரிக் டக்ளஸ் பங்கேற்ற கூட்டம் ஒன்று, 1860ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பாஸ்டன் நகரில் கும்பலால் கலைக்கப்பட்டது. கலைத்தவர்களில் நகரின் மதிப்புமிக்க கனவான்களும் இருந்தனர். சில நாட்களுக்குப் பின் டக்ளஸ் ஆற்றிய உரையில் இரண்டு கருத்துகளை வலியுறுத்தினார். பேச்சுரிமை இருக்கும் இடத்தில் அடிமைமுறை நிலைக்க முடியாது என்பது ஒன்று. பேசுபவரைத் தடுப்பது, கேட்க வந்தவரின் உரிமையையும் சேர்த்துப் பறிப்பதாகும் என்பது மற்றொன்று. அன்று அமெரிக்க அரசமைப்பில் பேச்சுரிமைக்கான திருத்தம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. கும்பலின் கையிலிருந்து அது டக்ளஸைக் காக்கவில்லை.

நம் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வு 1936ஆம் ஆண்டு நிகழ்ந்தது. லாகூரில் இயங்கிய ஜாத் பாத் தோடக் மண்டல் என்னும் சாதி ஒழிப்பு அமைப்பு, தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்தவர்கள் சில பகுதிகளை நீக்கக் கோரினர். ஒரு காற்புள்ளியையும் மாற்ற அவர் இசையவில்லை. மாநாடு கைவிடப்பட்டது. நிகழ்த்தப்படாத அந்த உரையை அம்பேத்கர் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுவே ‘சாதி ஒழிப்பு’ என்று நாம் இன்று படிக்கும் நூல். அவ்வுரையைத் தடுத்தது பிரிட்டிஷ் அரசின் தணிக்கை அன்று; சீர்திருத்தம் பேசிய நண்பர்களின் அச்சமே அதைத் தடுத்தது.

அதற்கும் முன்பே, 1893ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907ஆம் ஆண்டு பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் சென்னையில் தொடங்கினர். 1920ஆம் ஆண்டு அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். ஊமையரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். அச்சகம் இல்லாதவருக்குச் சட்டம் தரும் பேச்சுரிமை பாதி உரிமையே என்பதை இந்த இதழ்களின் தோற்றமே நமக்குச் சொல்கிறது.

இப்போது முதல் வாதத்துக்கு வருவோம். சாதிப் பெயரால் இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பேச்சுரிமையைப் பறிக்கிறதா? மில்லே இதற்கு ஓர் அளவுகோல் தருகிறார். தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று ஒருவர் பத்திரிகையில் எழுதலாம். அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் வணிகரின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்தின் முன் அதையே சொன்னால் தண்டிக்கலாம் என்கிறார் அவர். சொல் ஒன்றே, இடமும் சூழலும் அதைச் செயலாக மாற்றிவிடுகின்றன.

1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1) பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும், சாதிப் பெயரால் திட்டுவதையும் குற்றமாக்குகிறது. பொதுமக்கள் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த பேச்சு இப்பிரிவின்கீழ் வராது என்று 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கியது. வருண முறையை ஆதரித்தோ இடஒதுக்கீட்டை எதிர்த்தோ ஒருவர் கட்டுரை எழுதுவதை இப்பிரிவு தடுப்பதில்லை. அக்கருத்தை நாம் கருத்தால் எதிர்கொள்வோம். ஊர்ப் பொதுவில் ஒருவரை நிறுத்தி அவருடைய சாதியைச் சொல்லித் திட்டுவது வேறு. ‘நீ பேசத் தகுதியற்றவன், உன் இடத்துக்குப் போ’ என்று கட்டளையிடும் செயல் அது. திட்டப்பட்டவர் மறுநாள் கிராமசபையில் எழுந்து பேசுவாரா? இச்சட்டம் பேச்சைக் குறைக்கிறது என்போர், அந்த மௌனத்தைத் தங்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பேச்சைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசுக்குப் பொத்தாம்பொதுவாகக் கொடுத்தால் அது முதலில் பாய்வது நம்மீதுதான். ‘குடி அரசு’ தலையங்கத்துக்காகப் பெரியார்மீது 1933ஆம் ஆண்டு அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. மதுக்கடைகளை மூடக் கோரிப் பாடியதற்காக மக்கள் பாடகர் கோவன் 2015ஆம் ஆண்டு தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவைத் தெளிவற்றது என்று கூறி 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியதை நாம் வரவேற்றதும் இதனால்தான். இன்னின்னாருக்கு, இன்ன இடத்தில், இன்ன தீங்கு என்று குறுக்கி வரையப்பட்ட சட்டம் வேறு. ஆட்சியாளரின் மனம் புண்படுவதையெல்லாம் குற்றமாக்கும் சட்டம் வேறு. முன்னதை ஆதரிப்பதற்காகப் பின்னதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

அரசு விலகினால் யார் ஆள்வார்?

அரசின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்ற தாராளவாதக் கருத்தை, காவல் நிலையத்தில் அடிபட்ட சமூகங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொய் வழக்கு, தடுப்புக் காவல், துப்பாக்கிச் சூடு ஆகிய அனைத்தையும் நாம் அறிவோம். இவ்வளவில் லாக்கின் பக்கமே நாம் நிற்கிறோம்.

ஆனால் சுதந்திரத்தின் எதிரி அரசு மட்டும்தானா? மில் அவ்வாறு நினைக்கவில்லை. சமூகமே கொடுங்கோலனாக மாறும்போது, அது அரசின் ஒடுக்குமுறையைவிட அஞ்சத்தக்கது என்று அவர் எழுதினார். அரசின் தண்டனைக்கு வெளியே தப்பிச் செல்ல வழி உண்டு. சமூகத்தின் பிடியோ வாழ்வின் ஒவ்வொரு நுணுக்கத்துக்குள்ளும் நுழைந்து உள்ளத்தையே அடிமையாக்கும் என்பது அவர் கருத்து. தேநீர்க் கடையில் தனிக் குவளை, தெருவில் செருப்பு அணியத் தடை, பொதுக் கிணற்றில் மறுப்பு என்னும் பட்டியலை அறிந்தவருக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் தேவையில்லை. எனினும் சமூகக் கொடுங்கோன்மைக்கு எதிராகச் சட்டம் ஒன்றை மில் முன்மொழியவில்லை. கருத்தாலும் பண்பாட்டாலும் அதை எதிர்க்கலாம் என்பதோடு நின்றுகொண்டார்.

அவ்வாறு நின்றதன் விலையை அமெரிக்கக் கறுப்பின மக்கள் செலுத்தினர். 1865ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதிகள், வண்டிகள், நாடக அரங்குகள் ஆகியவற்றில் நிற வேறுபாடு காட்டக் கூடாது என்று 1875ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. 1883ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அரசு பாகுபாடு காட்டினால்தான் அரசமைப்பு தலையிடும். தனியார் காட்டும் பாகுபாடு அதன் எல்லைக்கு வெளியே உள்ளது என்பது தீர்ப்பின் சாரம். விடுதலை பெற்றவர் சட்டத்தின் தனிச் சலுகையை எதிர்பார்ப்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டுச் சாதாரணக் குடிமகனாக வேண்டும் என்ற பொருளிலும் அத்தீர்ப்பு பேசியது. அடிமைமுறை ஒழிந்து 18 ஆண்டுகளே ஆகியிருந்தன. இடஒதுக்கீடு இன்னும் எத்தனை காலத்துக்கு என்று நம்மிடம் கேட்கப்படும் கேள்வியின் வயது இப்போது புரிகிறது. தனியார் விடுதியும் உணவகமும் நிறம் பார்க்கக் கூடாது என்ற நிலை அங்கே மீண்டும் சட்டமாக 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றைக் கூர்ந்து கற்றவர்கள் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். லண்டன் வட்டமேசை மாநாட்டின் முதல் அமர்வில் அவ்விருவரும் சேர்ந்து அளித்த பாதுகாப்புத் திட்டம், அரசியல் பிரதிநிதித்துவக் கோரிக்கைக்காக மட்டுமே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அதில் மற்றொரு பகுதி உண்டு. சம உரிமையை மறுப்பதைக் குற்றமாக்க 1866, 1875ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டங்களை அவர்கள் முன்மாதிரியாகக் காட்டினர். சமூகப் புறக்கணிப்பைத் தண்டிக்க, பர்மாவின் 1922ஆம் ஆண்டுப் புறக்கணிப்பு எதிர்ப்புச் சட்டத்தின் பிரிவுகளை எடுத்தாண்டனர். உரிமையைப் பயன்படுத்த முனைந்ததற்காக ஒருவருக்கு வேலை மறுப்பது, வீடோ நிலமோ தர மறுப்பது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது ஆகியவற்றைக் குற்றமாக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஐரோப்பியத் தாராளவாதம் கண்டறிந்தும் மருந்து தராத நோய்க்குச் சேரியிலிருந்து வந்த இருவர் மருந்து எழுதினர்.

அவர்கள் ஏன் அவ்வாறு எழுதினர் என்பதற்கு மகாத் சாட்சி. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட 1923ஆம் ஆண்டு பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924ஆம் ஆண்டு மகாத் நகராட்சியும் தன் சவதார் குளத்தைத் திறந்ததாக அறிவித்தது. காகிதத்தில் தடை ஏதும் இல்லை. ஆனால் 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அக்குளத்து நீரை அருந்தியபோது தாக்கப்பட்டனர். குளம் ‘தூய்மை’ செய்யப்பட்டது. அதே ஆண்டு நகராட்சி தன் தீர்மானத்தை விலக்கிக்கொண்டது. வழக்கு முடிந்து உரிமை உறுதியாக 1937 ஆயிற்று. அரசு ஒதுங்கி நிற்கும் இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அங்கே ஊர் ஆள்கிறது.

இந்திய அரசமைப்பின் 15(2), 17ஆம் உறுப்புகள் இந்தப் படிப்பினையின் விளைவு. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்ற விதி, அரசை மட்டுமன்றித் தனிமனிதரையும் கட்டுப்படுத்துகிறது. 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பு திறந்துவைத்த ஓட்டையை நம் அரசமைப்பு முதல் நாளிலேயே அடைத்தது.

பொருளியல் தளத்திலும் அம்பேத்கர் இதே கேள்வியை எழுப்பினார். 1947ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்னும் கோரிக்கை நூலில், அரசு தலையிடாவிட்டால் கிடைக்கும் சுதந்திரம் யாருக்கு என்று கேட்கிறார். நிலவுடைமையாளருக்குக் குத்தகையை உயர்த்தும் சுதந்திரம். முதலாளிக்கு வேலை நேரத்தைக் கூட்டி ஊதியத்தைக் குறைக்கும் சுதந்திரம். அரசின் கட்டுப்பாடு நீங்குவது உழைப்பவருக்குத் தனியார் எஜமானரின் சர்வாதிகாரமாகவே வந்து சேரும் என்பது அவர் முடிவு. ஆனால் அவர் அரசுக்கு வரம்பற்ற அதிகாரத்தை வழங்கிவிடவில்லை. அடிப்படை உரிமைகள், நீதிமன்றம், சட்டத்தால் கட்டுப்பட்ட அரசு ஆகியவற்றையும் சேர்த்தே கோரினார். லாக் அஞ்சிய அரசை அவரும் அஞ்சினார். லாக் காணாத ஊரையும் அவர் கண்டார்.

பொறுப்பு: தேர்ந்தெடுக்க முடிந்தவருக்கே

மூன்றாம் வாதம் நம் மாணவர்களை மிகவும் காயப்படுத்துவது. ‘உன் தகுதியால் வந்தாயா?’ என்ற கேள்வி வகுப்பறையில் எழும்போது அதன் பின்னால் தனிமனிதப் பொறுப்பு என்னும் கோட்பாடு நிற்கிறது.

இக்கோட்பாட்டின் மூலவர்கள் பிறப்பால் வரும் தகுதியை நம்பியவர்கள் அல்லர். 1776ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் ஆடம் ஸ்மித், தத்துவ அறிஞருக்கும் தெருவில் சுமை தூக்குபவருக்கும் இடையிலான வேறுபாடு இயற்கையால் வந்ததைவிடப் பழக்கத்தாலும் கல்வியாலும் வந்தது என்கிறார். ஒரே வேலையை வாழ்நாள் முழுதும் செய்யும் உழைப்பாளியின் அறிவு மழுங்கிவிடும். அதைத் தடுக்க அரசு பள்ளிகளுக்குச் செலவிட வேண்டும் என்றும் சொல்கிறார். தந்தையின் தொழிலையே மகன் செய்ய வேண்டும் என்று மதமே கட்டாயப்படுத்தும் நாட்டுக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு இந்துஸ்தானமும் பண்டைய எகிப்தும். உழைப்பும் கூலியும் தம் இயல்பான நிலையை அடைய விடாத கடும் கட்டுப்பாடு அது என்று அவர் காண்கிறார். சாதி என்பது சுதந்திரச் சந்தையின் பகை என்பதைத் தாராளவாதப் பொருளியலின் மூலநூலே சொல்லியிருக்க, சாதியைத் தொடாமல் சந்தையை மட்டும் போற்றுவோர் ஸ்மித்தின் வாரிசுகளாக முடியாது.

மில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பெற்றோரால் இயலாதபோது பிள்ளைகளின் கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றார். ஒருவர் மரபுரிமையாகப் பெறும் சொத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1848ஆம் ஆண்டு வெளியான தம் பொருளியல் நூலில் வாதிட்டார். முயற்சிக்கே பலன் என்று நேர்மையாக நம்புபவர், முயற்சியின்றிக் கிடைக்கும் தாத்தாவின் நிலத்தையும் அப்பாவின் தொடர்புகளையும் கேள்வி கேட்டாக வேண்டும். நம்மிடம் தகுதி பேசுவோரில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைத் தம் வீட்டில் எழுப்பியிருக்கிறார்கள்?

அம்பேத்கரும் தனிமனிதப் பொறுப்பை ஆழமாக நேசித்தவர். ‘சாதி ஒழிப்பு’ நூலில் அவர் விதிகளையும் கோட்பாடுகளையும் பிரித்துக் காட்டுகிறார். விதி என்பது இதைச் செய், இதைச் செய்யாதே என்ற கட்டளை. அதைப் பின்பற்ற அறிவு தேவையில்லை. கோட்பாடு ஒருவரைச் சிந்திக்கவும் முடிவெடுக்கவும் வைக்கிறது. ஆகவே அவரைப் பொறுப்பாளராக்குகிறது. சாதி வழக்கம் வெறும் விதித்தொகுப்பு. அது பொறுப்பைக் கொன்றுவிடுகிறது. ஒருவருடைய கடமையும் இரக்கமும் தன் சாதியின் எல்லையோடு முடிந்துவிடுவதால் பொது ஒழுக்கம் என்பதே உருவாகவில்லை என்கிறார் அவர். பொறுப்பற்றவர்கள் என்று நம்மைச் சுட்டும் விரல், உண்மையில் பொறுப்பை அழித்த அமைப்பிலிருந்தே நீள்கிறது.

பொறுப்பு பற்றிய இந்த விவாதம் உயிர் சம்பந்தப்பட்டது. கழிவுநீர்க் குழியில் நச்சு வாயுவுக்குத் தொழிலாளி பலியாகும்போதெல்லாம் நாம் கேட்கும் விளக்கம் ஒன்று உண்டு: ‘அவரே விருப்பப்பட்டு இறங்கினார்.’ ஒப்பந்தமும் ஒப்புதலும் இருந்ததால் ஒப்பந்ததாரருக்குப் பொறுப்பு இல்லை என்பது இதன் உட்பொருள். தாராளவாதமே இதை ஏற்காது. தன்னைத்தானே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்று மில் எழுதினார். சுதந்திரத்தைக் கைவிடும் சுதந்திரம் என்று ஒன்று இல்லை என்பது அவர் வாதம். பசியின் நெருக்கடியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க இசைவதும் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982ஆம் ஆண்டு நம் உச்ச நீதிமன்றம் கூறியது. மாற்று வழி இல்லாதவரின் ஒப்புதல், ஒப்புதல் ஆகாது.

மனிதரை மலக்குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கழிவுநீர்க் குழி மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு கிடைப்பது ஒரு புறம் இருக்க, இறக்கியவர் சிறை செல்வது எத்தனை வழக்குகளில் நடந்திருக்கிறது? தனிமனிதப் பொறுப்பைப் பேசுவோம். ஆணையிட்ட அதிகாரி, கையொப்பமிட்ட பொறியாளர், கருவி தராத ஒப்பந்ததாரர் ஆகியோரிடமிருந்து தொடங்குவோம். பொறுப்பு கீழ்நோக்கி மட்டும் பாய்வதற்கு அது மழைநீர் அன்று.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒடுக்கப்பட்டோர் சிந்தனை உலகச் சிந்தனையோடு எப்போதும் உரையாடியே வளர்ந்திருக்கிறது. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873ஆம் ஆண்டு வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசமைப்பு அவையில் ஆற்றிய இறுதி உரையில் அம்பேத்கர், எத்துணைப் பெரிய மனிதரின் காலடியிலும் மக்கள் தம் சுதந்திரத்தை வைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையை மில்லிடமிருந்து எடுத்துச் சொன்னார். பின்தங்கிய சமூகங்களுக்குச் சுதந்திரம் பொருந்தாது என்று மில் விலக்கிய நாட்டில், அந்நாட்டினராலும் விலக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், மில்லின் சொல்லையே அந்நாட்டுக்குப் பாடமாக்கினார்.

அதே உரையில், சுதந்திரத்தைச் சமத்துவத்திலிருந்தும் சகோதரத்துவத்திலிருந்தும் பிரிக்க இயலாது என்றார். சமத்துவம் இல்லாத சுதந்திரம் சிலர் பலரை ஆள்வதில் முடியும். சகோதரத்துவம் இல்லையெனில் சுதந்திரமும் சமத்துவமும் இயல்பாக நிலைக்க மாட்டா. காவலரை வைத்தே அவற்றைக் காக்க வேண்டியிருக்கும். செவ்வியல் தாராளவாதத்துக்கு அம்பேத்கர் செய்த திருத்தம் இதுதான்.

எனவே விவாத மேடைகளில் நம் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருக்கலாம். பேச்சுரிமை பற்றிப் பேசப்படும்போது: இந்தப் பேச்சால் யார் வாய் மூடப்படுகிறது? அரசு விலக வேண்டும் என்னும்போது: அது விலகிய இடத்தில் யார் வந்து அமர்வார்? பொறுப்பு பற்றிப் பேசப்படும்போது: அவருக்கு வேறு வழி இருந்ததா, அந்த வழியை அடைத்தவர் யார்? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொல்லும் தாராளவாதியோடு நாம் பல மைல்கள் சேர்ந்து நடக்கலாம். விடை சொல்ல மறுப்பவர் காக்க விரும்புவது சுதந்திரத்தை அன்று, தம் சாதியின் சௌகரியத்தையே என்பதை அவையோருக்கு எடுத்துக்காட்டவும் இக்கேள்விகளே போதும்.

மில்லின் சுதந்திரம் பற்றிய நூலையும் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ நூலையும் அருகருகே வைத்து வாசிக்கும் வட்டங்கள் நம் கல்லூரி விடுதிகளில் தொடங்கப்பட வேண்டும். இரண்டும் சிறிய நூல்கள்; தமிழில் படிக்கலாம். முதல் கூட்டத்தில் எடுத்துக்கொள்ள நல்ல பகுதி, மில் சமூகக் கொடுங்கோன்மையைப் பற்றி எழுதும் பக்கங்கள். அவற்றைப் படித்து முடித்ததும், தம் ஊரில் அது எங்கே குடியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லத் தொடங்கட்டும்.